இரண்டு முற்றுகைகளும் ஒரு தவறான பாடமும்

தமிழ்ச் சபைகளின் பிரசங்க மேடைகளிலும் சாட்சிக் கூட்டங்களிலும், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கையில் தரப்படும் வாக்குத்தத்த அட்டைகளிலும், எதிர்ப்பைப் பற்றிய ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்டது. கடவுளுடைய வழியில் நடப்பவருக்கு எதிர்ப்பு வரும் என்றும், எதிர்ப்பு வருவதே அவர் நடக்கும் வழி கடவுளுடையது என்பதற்கு அத்தாட்சி என்றும், அசையாமல் நம்பி நின்றால் முடிவில் ஜெயம் அவருக்கே என்றும், எதிர்த்தவர்கள் வெட்கப்பட்டுப் போவார்கள் என்றும் அது சொல்கிறது. இவற்றுள் முதல் கூற்றுக்கு மட்டுமே வேதாகமத்தின் ஆதரவு உண்டு. இரண்டாவது, தீயவருக்கும் எதிர்ப்பு வரும் என்ற எளிய உண்மையை மறந்த பிழை. ஜெயத்தைப் பற்றிய கூற்றோ, வேதாகமம் வெளிப்படையாக மறுத்துவிட்ட ஒன்று. இவை அனைத்தையும் பின்னி ஒரே கோட்பாடாக்கி அதற்குக் கடவுள் நம்பிக்கை என்று பெயர் சூட்டும்போது, கடவுளுடைய எச்சரிப்பைக் கேட்கும் காதை விசுவாசியிடமிருந்து பறித்துவிடும் ஒரு போதனை பிறக்கிறது. அந்தப் போதனை தனக்குச் சான்றாக எந்த வரலாற்றை முன்வைக்கிறதோ, அந்த எருசலேமின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதை விரிவாகக் காட்ட முடியும்.

துன்புறுத்தல் உண்மையானது என்பதில் இங்கு விவாதமே இல்லை. ஜெபிக்கக் கூடியதற்காகத் தாக்கப்படுபவர்களும், விசுவாசத்தின் பொருட்டு வீட்டையும் உறவையும் இழப்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடவுளைத் தவிர வேறு துணை இல்லாத நேரத்தில், அவரை நம்புங்கள் என்று சொல்வது ஆறுதலின் முதல் கடமை. ஆனால் மலைப் பிரசங்கத்தில் துன்புறுத்தப்படுபவர்களைப் பாக்கியவான்கள் என்று சொன்ன இயேசு, அவர்கள்மேல் சுமத்தப்படும் பழி பொய்யானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். பேதுருவின் முதல் நிருபமும் கிறிஸ்தவனாகப் பாடுபடுவதற்கும் தீமை செய்து அதன் பலனை அனுபவிப்பதற்கும் இடையே தெளிவாகக் கோடு கிழிக்கிறது. பழி பொய்யா மெய்யா என்ற கேள்வியை இரண்டு இடங்களுமே திறந்து வைத்திருக்கின்றன. நடைமுறையில் நிலவும் போதனை அந்தக் கேள்வியை எழுப்புவதே அவிசுவாசம் என்று கருதுகிறது.

இந்தப் போதனைக்கு மிகவும் பிடித்த சான்று எசேக்கியா அரசர். கி.மு. 701இல் அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்து வந்தான். அவனுடைய ரப்சாக்கே, அதாவது அந்தப் பட்டப்பெயரைத் தாங்கிய உயர் அதிகாரி, எருசலேமின் மதிலருகே நின்று, காவலர்கள் அனைவருக்கும் புரியும்படி யூதாவின் மொழியிலேயே, கடவுளை நம்பி ஏமாறாதீர்கள் என்று கூவினான். மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா அதை ஆலயத்துக்கு எடுத்துச் சென்று கடவுளுக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபித்தார். ஏசாயா தீர்க்கதரிசி நகரம் விழாது என்று சொல்லி அனுப்பினார். அசீரியப் படை ஒரே இரவில் அழிந்தது. சனகெரிப் திரும்பிப் போனான். எதிரி, ஏளனம், ஜெபம், ஜெயம் என்று நான்கு படிகளில் அழகாக அடங்கிவிடும் இந்தக் கதை பிரசங்கத்துக்கு எத்தனை வசதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த வருடத்தில் நடந்தது அவ்வளவு எளிதாக அடங்குவதன்று. அசீரியத் தலைநகர் நினிவேயில் கிடைத்த களிமண் பட்டகம் ஒன்றில் சனகெரிப் தன் போர்க் கணக்கைப் பதித்திருக்கிறான். யூதாவின் மதில் சூழ்ந்த நகரங்கள் 46ஐப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அது பெருமையடிக்கிறது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அது சொல்லவில்லை. எண்ணிக்கையில் மிகைப்பாடு இருக்கலாம். எனினும் லாகீஸ் நகரம் வீழ்ந்ததை நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. மாட்டு வண்டிகளில் மூட்டை முடிச்சுகளோடு நாடுகடத்தப்படும் யூதாவின் குடும்பங்களை அவற்றில் காணலாம். லாகீஸிலும் கடவுளை நம்பியவர்கள் இருந்திருப்பார்கள். எருசலேமின் மீட்பை நம்பிக்கையின் சூத்திரமாகச் சொல்பவர்கள், அதே படையெடுப்பில் மீட்கப்படாமல் போன நகரங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எசேக்கியாவேகூட அந்தச் சூத்திரத்துக்குள் அடங்குவதில்லை. இரண்டாம் இராஜாக்கள் நூலின் 18ஆம் அதிகாரம், அவர் முதலில் லாகீசுக்கு ஆளனுப்பித் தம்மேல் குற்றம் என்று ஒப்புக்கொண்டதையும், 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் செலுத்தியதையும், அதற்காக ஆலயக் கதவுகளில் பதித்திருந்த பொன்னைப் பெயர்த்துக் கொடுத்ததையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. அவர் பாறையைக் குடைந்து நகருக்குள் நீர் கொண்டுவந்த சுரங்கம் ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுள்ளது; அதை இருபுறமிருந்தும் குடைந்து வந்த தொழிலாளர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தகைய முன்னேற்பாடு நம்பிக்கைக்கு முரணானது என்று எந்த நேர்மையான வாசகரும் சொல்லமாட்டார். ஆனால் ஏசாயாவே, இந்த வேலைகளைக் குறிப்பதாகப் பெரும்பாலோர் கொள்ளும் தம் நூலின் 22ஆம் அதிகாரத்தில், மதிலைப் பலப்படுத்த வீடுகளை இடித்தீர்கள், தண்ணீரைத் தேக்கினீர்கள், இதையெல்லாம் ஏற்படுத்திய கடவுளையோ நோக்கிப் பார்க்கவில்லை என்ற பொருளில் நகரத்தாரைக் கண்டிக்கிறார். மீட்பை அறிவித்த அதே வாய்தான் இந்தக் கண்டனத்தையும் உரைத்தது. எதிரியின் நடுவிலும் தன் மக்களின் பிழையைச் சொல்லத் தயங்காத தீர்க்கதரிசியை, மக்களுக்குத் தெம்பு ஊட்டுபவராக மட்டும் சுருக்கிவிட்டது பிற்காலத்தின் வேலை.

அந்தச் சுருக்கம் என்ன செய்தது என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டுகிறது. 701இன் மீட்பு எருசலேமின் நினைவில் ஒரு கொள்கையாக இறுகிப்போனது: கடவுளின் ஆலயம் இங்கே இருக்கிறது, ஆகவே இந்த நகரம் விழாது, இதை எதிர்ப்பவன் கடவுளை எதிர்க்கிறான். கி.மு. 609 வாக்கில், யோயாக்கீம் அரசரான தொடக்கத்தில், எரேமியா தீர்க்கதரிசி ஆலயத்தின் வாசலில் நின்று இந்தக் கொள்கையை நேருக்கு நேர் தாக்கினார். அந்நியரையும் திக்கற்றவரையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு, திருடியும் கொலைசெய்தும் பொய்யாணையிட்டும்விட்டு, ஆலயத்துக்குள் வந்து நின்று நாங்கள் தப்பினோம் என்று சொல்வது பொய்யை நம்புவது என்றார். முன்பு உடன்படிக்கைப் பெட்டி இருந்த சீலோவுக்கு நேர்ந்த கதி இந்த ஆலயத்துக்கும் நேரும் என்றார். நம்பாதிருப்பவர்களைப் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. மிக உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கையின் அளவில் குறையில்லை. தங்கள் வாழ்வைச் சோதித்துப் பார்க்கவிடாத அரணாக அதை அவர்கள் ஆக்கிக்கொண்டதுதான் குற்றம்.

அன்று ஆலயத்தில் நடந்த வழக்கு விசாரணை, நிலவும் போதனையை மறுப்பதற்கு வேதாகமத்திலுள்ள மிகக் கூர்மையான சான்று. அது பெரும்பாலும் பிரசங்கிக்கப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் எரேமியாவுக்கு மரண தண்டனை கேட்டபோது, நாட்டின் மூப்பர்கள் சிலர் எழுந்து ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுபடுத்தினார்கள். எசேக்கியாவின் காலத்தில் மொரேசாவூரானாகிய மீகா, சீயோன் வயலைப்போல உழப்படும் என்று முன்னுரைத்தார். எசேக்கியா அவரைக் கொன்றாரா? கடவுளுக்குப் பயந்து அவரிடம் கெஞ்சவில்லையா? அதனால்தானே கடவுள் அந்தத் தீங்கைச் செய்யாமல் விட்டார்? இதுவே அவர்களுடைய வாதம். ஆக, எசேக்கியாவைப் பற்றி எருசலேமில் இரண்டு நினைவுகள் இருந்தன. எதிரிக்கு முன் அசையாமல் நின்றதால் அவர் மீட்கப்பட்டார் என்பது ஒன்று. தமக்கு எதிராகப் பேசிய ஒரு கிராமத்துத் தீர்க்கதரிசியின் சொல்லுக்கு அசைந்து கொடுத்ததால் மீட்கப்பட்டார் என்பது மற்றொன்று. மதிலுக்கு வெளியே நின்று ஏளனம் செய்த குரலை அவர் ஏற்கவில்லை. மதிலுக்கு உள்ளே நின்று கண்டித்த குரலை ஏற்றார். எதிர்ப்பு எல்லாவற்றையும் ஒரே பகையாகக் காண்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே வாய்ப்பில்லை.

இந்த விசாரணையைப் பதிவு செய்யும் எரேமியாவின் 26ஆம் அதிகாரம் இன்னொன்றையும் சொல்கிறது. எரேமியா சொன்னதையே சொன்ன உரியா என்ற தீர்க்கதரிசி அரசனுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடினார். யோயாக்கீம் ஆளனுப்பி அவரைப் பிடித்துவந்து வாளால் வெட்டிப் பொதுமக்களின் கல்லறைப் பக்கம் எறிந்துவிட்டார். சாப்பானின் மகன் அகீக்காம் துணைநின்றதால் எரேமியா தப்பினார். செய்தி ஒன்று, அனுப்பியவர் ஒருவர், முடிவுகள் இரண்டு. உரியாவின் நம்பிக்கையில் குறையிருந்தது என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. நம்பி நின்றால் ஜெயம் என்ற சூத்திரத்தை இந்த அதிகாரத்தின் முன் நிறுத்தினால், அது ஒன்று உரியாவை அவதூறு செய்ய வேண்டும், அல்லது தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சிதேக்கியா அரசரின் நான்காம் ஆண்டில், கி.மு. 594 வாக்கில், நடந்த மோதலும் இதே திசையில்தான் சுட்டுகிறது. பாபிலோன் ஏற்கெனவே 597இல் எருசலேமைப் பணியவைத்து, அரசர் யோயாக்கீனையும் ஆலயப் பாத்திரங்களையும் கொண்டுபோயிருந்தது. எரேமியா மரத்தால் ஒரு நுகத்தைக் கழுத்தில் சுமந்து, பாபிலோனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிபியோன் ஊரானாகிய அனனியா தீர்க்கதரிசி, இரண்டே வருடங்களில் கடவுள் பாபிலோனின் நுகத்தை முறிப்பார், பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாக அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். இன்றைய அளவுகோலின்படி விசுவாச வீரர் என்ற பெயர் அனனியாவுக்குத்தான் கிடைத்திருக்கும். அவர் பேசியது கடவுளின் பெயரால், காட்டியது அசைக்க முடியாத உறுதி, குறித்துச் சொன்னது நாளும் கெடுவும் உள்ள வெற்றி. எரேமியாவோ முதலில் ஆமென் என்றார். கடவுள் அப்படியே செய்வாராக என்று மனதார விரும்பினார். நுகம் உடைக்கப்பட்டபின் பதில் ஏதும் சொல்லாமல் போய்விட்டார். மறுசொல் பிற்பாடுதான் அவருக்கு வந்தது. தம்மிடம் இல்லாத உறுதியை இருப்பதுபோல் காட்ட மறுத்து, வெறுங்கையோடு கூட்டத்தின் நடுவிலிருந்து வெளியேறிய அந்த மௌனத்தில் இருந்த கடவுள் நம்பிக்கை, அனனியாவின் முழக்கத்தில் இல்லை.

கி.மு. 588 வாக்கில் பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்தபோது, சிதேக்கியா எரேமியாவிடம் ஆளனுப்பி, கடவுள் தம்முடைய பழைய அற்புதங்களைப் போல இப்போதும் செய்து எதிரியைத் திருப்பி அனுப்புவாரா என்று விசாரிக்கச் சொன்னார். எசேக்கியாவின் கதையை மனப்பாடமாக வைத்திருந்த ஓர் அரசரின் வேண்டுகோள் இது. மாறாக வந்த பதில், கடவுளே இந்த நகரத்துக்கு எதிராகப் போரிடுவார் என்பது. முற்றுகையின் இடையில் அரசரும் தலைவர்களும், கடன்பட்டு அடிமைகளாக இருந்த சொந்த இனத்தாரை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, அவ்வாறே விடுவித்தார்கள். எகிப்தின் படை வருகிறது என்ற செய்தியால் பாபிலோனியர் தற்காலிகமாகப் பின்வாங்கினார்கள். ஆபத்து நீங்கியதும், விடுதலை பெற்ற அடிமைகளை அவர்களே திரும்பப் பிடித்து வேலைக்கு வைத்தார்கள். ஜெபம் கேட்கப்பட்டது, எதிரி விலகினான், சாட்சி சொல்ல வேண்டியதுதான் என்று அன்று எத்தனை பேர் மகிழ்ந்திருப்பார்கள்! எரேமியாவின் 34ஆம் அதிகாரம் அந்த இடைவேளையை ஜெயமாகக் கணக்கிடவில்லை. நகரத்தின் மேல் தீர்ப்பு உறுதியான தருணமாகவே கணக்கிடுகிறது. எதிர்ப்பு விலகியது என்பதைக் கொண்டு கடவுளின் சம்மதத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேறெங்கும் இல்லை.

எரேமியாவின்மேல் சாட்டப்பட்ட குற்றம், அவர் போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறார் என்பது. இந்தச் சொல்வழக்கு கற்பனையன்று என்பதை 1935இல் லாகீஸின் வாசல் அறையில், எரிந்த சாம்பலுக்குள், ஸ்டார்க்கி என்ற அகழாய்வாளர் கண்டெடுத்த மட்பாண்டச் சில்லுக் கடிதங்கள் காட்டுகின்றன. மையால் எழுதப்பட்ட அந்தப் படைக் கடிதங்களில் ஒன்று, எருசலேமின் அதிகாரிகள் சிலரின் சொற்கள் கைகளைத் தளரச் செய்வதாக முறையிடுகிறது. மற்றொன்று, லாகீஸின் தீ அடையாளங்களுக்காகக் காத்திருப்பதாகவும் அசெக்கா நகரைக் காண முடியவில்லை என்றும் தெரிவிக்கிறது. முற்றுகைக்குள் இருந்த நாடு ஒன்று, ஐயத்தை எழுப்பும் ஒவ்வொரு சொல்லையும் துரோகமாகக் கேட்டது. எரேமியாவைக் கொல்ல வேண்டுமென்று அரசரிடம் சென்றவர்களில் இருவரின் பெயர்கள், செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா என்பவை, எருசலேமின் பழைய தாவீதின் நகரப் பகுதியில் 2005இலும் 2008இலும் எலாத் மசார் தலைமையில் நடந்த அகழாய்வுகளில், விரல் நகத்தளவேயான களிமண் முத்திரைகளில் கிடைத்தன. சுருளைக் கட்டிய நூலின்மேல் ஈரக் களிமண் வைத்து மோதிரத்தால் அழுத்தும் இத்தகைய முத்திரைகளில், நாட்டுக்காக நின்றதாக நம்பிய அதிகாரிகளின் பெயர்களைப் படிக்க முடிகிறது. அவர்கள் கொடியவர்களாகத் தங்களைக் கருதியிருக்கமாட்டார்கள். கடவுளின் நகரத்தை எதிர்ப்பவனிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள்.

அவர்கள் எரேமியாவைக் கயிறுகளால் இறக்கிவிட்ட துரவில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. அவர் அதில் அமிழ்ந்தார். அரண்மனையில் பணிபுரிந்த எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியர், யூதரல்லாத அந்நியர், நகர வாசலில் உட்கார்ந்திருந்த அரசரிடம் வெளிப்படையாகச் சென்று இது தீமை என்று சொன்னார். ஆள்களை அழைத்துக்கொண்டு, பொக்கிஷ அறையின் கீழிருந்து கந்தைத் துணிகளையும் கிழிந்த பழைய ஆடைகளையும் எடுத்துவந்து, கயிறு அறுக்காமலிருக்க அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளும்படி மேலிருந்து சொல்லி, அவரைத் தூக்கிவிட்டார். நகரம் விழும் நாளில் எபெத்மெலேக்கு தப்புவார் என்ற வாக்கு அவருக்கு அனுப்பப்பட்டபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் அவர் கடவுளை நம்பினார் என்பது. ஆலயம், பலி, ஜெபம், தீர்க்கதரிசனம் எல்லாம் நிறைந்திருந்த அந்த நகரத்தில், முற்றுகையின் கதை முழுவதிலும் கடவுளை நம்பியவர் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவர் இந்த ஒருவரே. அவர் எந்த எதிரியையும் ஜெயிக்கவில்லை. துரோகி என்று முத்திரை குத்தப்பட்டு, சொல்லவிடாமல் அடைக்கப்பட்ட ஒருவருடைய உடம்பில் கயிறு அறுக்கக் கூடாதே என்று கந்தைத் துணி தேடினார். வேதாகமம் அதை நம்பிக்கை என்று எழுதிவைத்தது.

எரேமியாவின் சொந்த நம்பிக்கையும் பிரசங்கங்களில் புகழப்படும் வகையைச் சேர்ந்ததன்று. அவர் கடவுளை, வற்றிப்போய் ஏமாற்றும் ஓடையோடு ஒப்பிட்டுப் புலம்பினார். தாம் பிறந்த நாளைச் சபித்தார். கடவுள் தம்மை இணங்கவைத்து மேற்கொண்டுவிட்டதாக முறையிட்டார். காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தபோது, ஏற்கெனவே எதிரியின் கையில் இருந்த ஆனதோத்து ஊரின் நிலத்தை, உறவினர் அனாமெயேலிடமிருந்து 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கி, பத்திரத்தின் இரு பிரதிகளையும் மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாக்கச் சொன்னார். இது கடவுளின் கட்டளை. ஆனால் பத்திரத்தை ஒப்படைத்த கையோடு, நகரம் விழப்போகும்போது நிலம் வாங்கச் சொன்னீரே என்று அவரே வியந்து ஜெபிக்கிறார். கீழ்ப்படிந்தபின்னும் கேள்வி நிற்கிறது. கடவுளை நம்புபவன் தண்ணீரண்டையில் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பானவன் என்று சொல்லும் 17ஆம் அதிகாரத்துப் பகுதி பல வீடுகளின் சுவரில் தொங்குகிறது. அதை அடுத்து வரும் வசனமே, மனித இருதயம் எல்லாவற்றிலும் வஞ்சனையுள்ளது என்று எச்சரிக்கிறது. நம்புகிறேன் என்று சொல்லும் இருதயமும் அந்த எச்சரிப்புக்கு உட்பட்டதே.

வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாக அச்சிடப்படும் வேறு இரண்டு பகுதிகளும் இதே வரலாற்றைச் சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. உனக்கு எதிரான ஆயுதம் வாய்க்காது என்ற கருத்துடைய ஏசாயா 54, ஆயுதங்கள் ஏற்கெனவே வாய்த்துவிட்ட தலைமுறையை நோக்கியது; மதில் இடிந்து, ஆலயம் எரிந்து, பிள்ளை பெறாத, கைவிடப்பட்ட பெண்ணாகச் சீயோன் அழைக்கப்படும் பகுதி அது. உங்களைக் குறித்து நான் கொண்டிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்ற கருத்துடைய எரேமியா 29, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிடித்து வைத்திருக்கும் நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள், திரும்பி வர 70 வருடம் ஆகும் என்பது அதன் செய்தி. அதைப் பெற்ற வயதுவந்தோரில் பெரும்பாலோர் திரும்பிவரும் நாளைக் கண்டிருக்க முடியாது. இந்த வாக்குகளைத் தோல்வியடையாமல் காக்கும் கவசமாகக் கொடுப்பவர்கள், தோற்றுப்போனவர்களிடமிருந்து அவற்றைப் பறித்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் பழைய ஏற்பாட்டின் காலம், சிலுவைக்குப்பின் ஜெயம் உறுதியாகிவிட்டது என்று பதில் சொல்பவர்கள் உண்டு. சிலுவையே இதற்கு மறுமொழி. பாதுகாப்பை வாக்களிக்கும் 91ஆம் சங்கீதத்தைக் காட்டி, ஆலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் சோதனைக்காரன், மறுத்தவர் இயேசு. சிலுவையின் கீழ் நின்ற தலைவர்கள், இவன் கடவுளை நம்பினானே, கடவுளுக்குப் பிரியமானால் இப்போது காப்பாற்றட்டும் என்ற பொருளில் ஏளனம் செய்ததை மத்தேயு பதிவு செய்கிறார். நம்பிக்கைக்குச் சான்று மீட்பு, மீட்பு இல்லையேல் நம்பிக்கை பொய் என்பதே அவர்களுடைய இறையியல். நிலவும் போதனை தன்னையறியாமல் நிற்பது அவர்கள் பக்கத்தில்தான். உயிர்த்தெழுதல் அந்த ஏளனத்துக்குப் பதிலாக வந்ததும் உண்மை. ஆனால் அது மரணத்தைத் தவிர்த்து வரவில்லை, மரணத்தின் ஊடாக வந்தது, எதிர்த்தவர்களின் கண்முன் அவர்களை வெட்கப்படுத்தும் காட்சியாகவும் நடக்கவில்லை.

இப்போதனையின் கேடு நூல்களுக்குள் நின்றுவிடுவதில்லை. சபையின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்பவரும், கல்லறைத் தோட்டத்திலும் ஆலய இருக்கையிலும் சாதி தொடர்வதைச் சுட்டிக்காட்டுபவரும், ஊழியக்காரரின் நடத்தையால் காயப்பட்டு வாய் திறக்கும் பெண்ணும், ஊழியத்துக்கு எழுந்த எதிர்ப்பு என்ற ஒரே பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களுக்கு எதிராக உபவாச ஜெபம் அறிவிக்கப்படுகிறது. எதிர்ப்பு வலுக்க வலுக்க, நாம் கடவுளின் சித்தத்தில் இருக்கிறோம் என்ற உறுதியும் வலுக்கிறது; எந்த உண்மையாலும் பொய்யாக்க முடியாத ஒரு நிலைக்குள் தலைவரும் சபையும் போய்விடுகிறார்கள். எரேமியாவைத் துரவில் இறக்கியவர்கள் இந்த நிலையில்தான் இருந்தார்கள். மறுபுறம், நோய் தீராத விசுவாசியும், வழக்கில் தோற்ற ஏழையும், அடித்து விரட்டப்பட்டு ஊர் திரும்ப முடியாத குடும்பமும், ஜெயம் வராததற்குத் தங்கள் நம்பிக்கைக் குறைவே காரணம் என்ற கூடுதல் பாரத்தைச் சுமக்கிறார்கள். பலமுள்ளவரைக் கேள்விக்கு அப்பால் தூக்கி, பலவீனரைக் குற்றத்துக்குள் தள்ளும் ஒரு போதனையை நற்செய்தி என்று அழைக்க இயலாது.

அப்படியானால் எதிர்ப்பின் நடுவில் நிற்பவர், தாம் சனகெரிப்புக்கு முன் நிற்கும் எசேக்கியாவா, நேபுகாத்நேச்சாருக்கு முன் நிற்கும் சிதேக்கியாவா என்று எப்படி அறிவது என்ற கேள்வி நியாயமானது. இதற்கு ஒரு சூத்திரம் தர முடியாது. சூத்திரம் தேடியதுதான் எருசலேமின் பிழை. ஆனால் எரேமியாவின் நூல் கேட்கச் சொல்லும் கேள்விகள் தெளிவானவை: விடுவிப்பதாகச் சொன்ன அடிமைகள் விடுவிக்கப்பட்டார்களா, மாற்றுச் சொல் சொன்னவர் எங்கே இருக்கிறார், கடவுளிடம் கேட்கும்போது எந்தப் பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்கப்பட்டதா. நகரம் விழுந்தபின் எஞ்சியவர்கள், கரேயாவின் மகன் யோகனான் தலைமையில், எகிப்துக்குப் போக மனதில் முடிவெடுத்துவிட்டு, நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்களித்து எரேமியாவை ஜெபிக்கச் சொன்னார்கள். பதில் வரப் பத்து நாள் ஆனது. அத்தனை முன்னறிவிப்புகளும் நிறைவேறியபின்னும், தாம் சொன்னதே நடந்தது என்ற முழு உரிமையோடு உடனே பேசியிருக்கக்கூடிய அந்த முதியவர், தம் கருத்தைக் கடவுளின் சொல்லாக்கிக் கொடுக்காமல் பத்து நாளும் காத்திருந்தார். தேசத்திலேயே தங்கியிருங்கள் என்று வந்த பதிலைக் கேட்டு, நீ பொய் சொல்கிறாய் என்று அவர்கள் சொன்னார்கள். அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். அங்கே தகபானேஸ் என்ற எல்லை நகரத்தில் அவர் மீண்டும் பேசத் தொடங்கினார், அதே மக்களிடம்.